யாரும் பார்க்காத நாக்கு

தக்கலை தங்கையன் தான் செய்த மீனின் வயிற்றுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு, கும்ப மாதம். பட்டறைக் கூரைத் தகரத்தில் தோசை சுடலாம், திருப்பிப் போடவேண்டிய அவசியமே இல்லை, அப்படி ஒரு வெயில்.

மீன் என்றால் குளச்சல் வலையில் துள்ளுகிற மீன் இல்லை. இரும்பு மீன். வண்டியில் மாட்டைப் பூட்டி நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். விலா எலும்பெல்லாம் வண்டிச் சக்கரத்துப் பட்டை. செதிலெல்லாம் ரோடு போட்டவர்கள் வீசிவிட்டுப் போன தார் பீப்பாயை வெட்டி எடுத்த தகடு. பல் வரிசை தேய்ந்த கலப்பைக் கொழு. எல்லாவற்றிலும் விசேஷம் தாடைதான். பிரேக் பிடிக்காமல் ஒரு குளத்துக்குள் பாய்ந்து உயிரை விட்ட பஸ்ஸின் பட்டை ஸ்பிரிங் கட்டு அது. கீழ்த்தாடையைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, நடுவில் ஒரு தென்னந்தடியை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டுத்தான் தங்கையன் உள்ளே போவான்.

அன்றைக்கு அவன் உள்ளே போனது நாக்கு வைக்க. தாடை மூடிவிட்டால் அந்த நாக்கை மனிதர் யாரும் பார்க்கப்போவதில்லை. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் நாக்கில்லாத மீனை நிறுத்திவைத்தால் அது தன்னைப் பார்த்து முறைக்கும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். குப்புறப் படுத்துக்கொண்டு கடைசி ரிவெட்டை அடித்தான். அடித்த திருப்தியில் காலை ஒரு நீட்டு நீட்டினான். குதிகால் தென்னந்தடியில் பட்டது.

டபார்!

அந்தச் சத்தத்தில் வேளிமலையில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கின. உதயகிரிக் கோட்டையில் அடைந்திருந்த வௌவால்கள் பகலென்றும் பாராமல் பறந்தன. தங்கையன் மட்டும் அசையவில்லை. அசைய இடமில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். பஸ்ஸையும், பஸ் நிறைய ஆட்களையும், ஆட்கள் மடியில் வைத்திருக்கிற பலாச்சக்கையையும் சுமந்து பழகிய ஸ்பிரிங் அது. தங்கையனை அது ஒரு ஈ என்றுகூட மதிக்கவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கைவிரல் கோத்த மாதிரி கோத்து நின்றன. விலாவுக்கும் விலாவுக்கும் இடையே ஒரு கை நுழையும், ஆள் நுழையாது. முழங்காலை மடக்கினால் நீட்ட முடியாது, நீட்டினால் மடக்க முடியாது. மீனுக்குள் தார் மணம் கும்மென்று அடித்தது. அவன் செவுள் ஓட்டையில் கண்ணை வைத்து வெளியே பார்த்தான். பட்டறை காலியாகக் கிடந்தது. பெண்டாட்டி ராகேல் கோட்டாறு சந்தைக்குப் போயிருந்தாள்.

கூப்பாடு போட்டால் ரோட்டில் போகிற யாராவது வரத்தான் செய்வார்கள். ஆனால் அவன் போடவில்லை. காரணம் உண்டு. கொஞ்ச நேரத்தில் வேதக்கோயில் சபைக் கமிட்டி வரப்போகிறது, இந்த மீனை உடைக்கிறதா வேண்டாமா என்று பார்க்க. பார்க்க வருகிறவர்கள் வந்ததும் வராததுமாகத் தன்னை இந்தக் கோலத்தில் கண்டால் என்ன சொல்வார்கள்?

தங்கையனுக்கு இரும்பைக் கண்டால் ஒரு கோளாறு. மற்ற கொல்லனுக்கு ஒடிந்த கொழு ஒடிந்த கொழுதான். இவனுக்கு அது முகத்தைத் தூக்கிவைத்திருக்கிற ஒரு தாய்மாமன். ஒரு குடைக்கம்பிக் கட்டைக் கொடுத்தால் கொக்கு செய்வான். சும்மா நிற்கிற கொக்கு இல்லை, மீன் தப்பிப்போன பிறகு நிற்கிற கொக்கு. இரண்டு அரிவாளை முதுகோடு முதுகாக நிறுத்தி, இது பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி என்பான். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அண்ணன் எது தம்பி எது என்றுகூடத் தெரியும்! ஒரு நாள் அந்த பஸ் ஸ்பிரிங்கைச் சுவரில் மாட்டினான். அது தாடையாக இருந்தது. தாடை தலையைக் கேட்டது. தலை உடம்பைக் கேட்டது. உடம்பு வந்ததும் வாலில்லாமல் எப்படி என்று கேட்டது. இப்படி ஒரு வருஷம் இரும்பு கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே இருந்தான். அதே ஒரு வருஷமாக ராகேலும் ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “வெருகு வந்து கோழியெல்லாம் பிடிச்சிட்டுப் போவுது. ஒரு கூடு அடிச்சுத் தரப்பிடாதா?” இரும்பின் கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது. வெருகுப் பூனை கொழுத்து ஆட்டுக்கிடா அளவுக்கு ஆகியிருந்தது.

மீன் எழுந்து நின்றதும் ஊரில் பேச்சு கிளம்பியது. சபையின் மூத்த டீக்கன் யேசுரத்தினம், எல்லோருக்கும் மூப்பர், கருப்பட்டி மொத்த வியாபாரி, ஒரு தடவை வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி. மூன்றாம் நாள் கமிட்டியைக் கூட்டினார். வானத்திலும் பூமியிலும் தண்ணீரிலும் உள்ள எதற்கும் ஒப்பாக எதையும் செய்யக்கூடாது என்று கட்டளை இருக்கிறது. மீன் தண்ணீரில் உள்ளது. ஆகவே இது விக்கிரகம். ஆகவே உடைத்து, அந்த இரும்பில் கோயிலுக்குக் கேட் அடிக்க வேண்டும். மாட்டேன் என்றால் தங்கையனுக்குக் கோயிலில் திருவிருந்து நற்கருணை கிடையாது.

உபதேசியார் ஞானதாசன் சாது. யாரையும் நோகடிக்காமல் நீளமாகப் பேசுகிறவர், அதிலும் நீளம் கொஞ்சம் கூடுதல். அவர் பிரசங்கம் தொடங்கும்போது நட்ட வாழை முடிவதற்குள் குலைதள்ளிவிடும் என்பார்கள். அவர் ஒரு வழி சொன்னார். “ஒப்புன்னுதானே கட்டளை? எந்த மீனுக்கும் ஒப்பில்லன்னா குற்றமில்ல. மீன் தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவோம்.” அதற்காகத்தான் இன்றைக்கு வருகிறார்கள்.

வந்தார்கள். முன்னால் யேசுரத்தினம், பின்னால் ஞானதாசன், அவருக்கும் பின்னால் குளச்சல் கருவாட்டு வியாபாரி நஜ்முதீன். பிறந்ததிலிருந்து மீனைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்த்திராத மனிதர்.

“தங்கையா! ஏலே தங்கையா!” யேசுரத்தினம் கூப்பிட்டார்.

மீனுக்குள் தங்கையன் மூச்சைப் பிடித்தான்.

“ஆளு ஓடிட்டான் பாத்தேரா?”

“காப்பி குடிக்கப் போயிருப்பான் மூப்பரே. அவன் எங்க ஓட?” என்றார் ஞானதாசன். “நஜ்முதீன் பாய், நீங்க நல்லாப் பாத்துச் சொல்லணும். ஆர் மொகத்துக்கும் பாத்துச் சொல்லப்பிடாது.”

நஜ்முதீன் மீனைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். வாலை மோந்துகூடப் பார்த்தார். “சுறா இல்ல. சுறாவுக்கு முதுகு இப்பிடி வளையாது. சீலான்னு சொல்லலாம்னா சீலா இம்புட்டுத் தடியில்ல. களவாவுக்கு வாய் பெருசுதான், ஆனா அதுக்கு இப்பிடிக் கோவம் வராது. இது எந்த மீனும் இல்ல உபதேசியாரே. இப்பிடியொரு சாதனம் கடல்ல வந்தா வலைக்காரன் வலையயும் கட்டுமரத்தயும் அதுகிட்டயே குடுத்திட்டுக் கரைக்கு நீந்திருவான்.”

தப்பித்தது மீன்! தங்கையனுக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. எந்த மீனும் இல்லையாமே! ஒரு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்தவனுக்கு அது உச்சியில் அடித்த மாதிரி இருந்தது. மீன் என்று சொன்னால் உடைப்பார்கள், மீன் இல்லை என்றால் விட்டுவிடுவார்கள். எது வேண்டும் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. வயிற்றுக்குள் ஒரு சிறை போதாதென்று இது வேறு.

நஜ்முதீன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தலைக்கு நேரே வந்து நின்று தாடியைத் தடவினார். “ஆனா பாத்துக்கிடுங்க, இந்த மூஞ்சிய நான் எங்கயோ பாத்திருக்கேன்.”

“எந்த மீனு?” யேசுரத்தினத்தின் குரலில் ஆசை ஏறியது.

“மீனில்ல. மூஞ்சி. கீழ்த்தாடை இப்பிடி முன்னால தள்ளி, மேலுதட்ட முழுங்கிட்டு, சொல்ல வந்தத சொல்லாம கடிச்சுப் பிடிச்சிட்டு… எங்க பாத்தேன்? குளச்சல்லயா? இல்ல இங்கதான் எங்கயோ…” சொல்லிக்கொண்டே திரும்பியவர் கண் யேசுரத்தினத்தின் மேல் விழுந்தது. விழுந்தது அங்கேயே ஒட்டிக்கொண்டது.

யேசுரத்தினம் கீழ்த்தாடையை முன்னால் தள்ளி, மேலுதட்டை முழுங்கிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் கடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞானதாசன் இருமினார். இருமல் வராமலே இருமினார்.

தங்கையன் செவுள் ஓட்டை வழியே பார்த்தான். சத்தியமாக அதுவரை அந்தச் சாயலை அவன் கண்டதில்லை. ஸ்பிரிங்தான் தாடையைக் கேட்டது, தாடைதான் தலையைக் கேட்டது, இதில் மூத்த டீக்கன் எங்கே ஏறி உட்கார்ந்தார் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் உட்கார்ந்துதான் இருக்கிறார்! ஓ, அதுதானா மனுஷன் இரண்டு நாள் பட்டினி கிடந்தது! அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடியில் விரித்திருந்த சாக்கை இழுத்து வாயில் திணித்தான். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. மூக்கைப் பொத்தினான். அது பிறகு எங்கே போகும், மொத்தமாக வெடித்தது. இரும்புக்குள் வெடித்த சிரிப்பு தலையில் முட்டி, வாலில் முட்டி, செதில் செதிலாக அதிர்ந்து பெருகி வெளியே வந்தது. மீன் சிரித்தது.

நஜ்முதீன் நின்ற இடத்தில் அவருடைய செருப்பு மட்டும் நின்றது. ஆள் பட்டறை வாசலுக்கு வெளியே நின்று, “யா ரப்பே!” என்றார். ஞானதாசன் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். யேசுரத்தினம் மட்டும் அசையவில்லை. அவருக்கு ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“எவம்லே உள்ள?”

“நான்தான் மூப்பரே,” என்றது மீன். “தங்கையன்.”

“உள்ள என்னலே செய்யுத?”

“நாக்கு வைக்க வந்தேன். வாயி அடச்சுப்போச்சு.”

பிறகு கடப்பாரை வந்தது. ரோட்டில் போனவர்கள் எல்லாம் வந்தார்கள். தக்கலைச் சந்தையே பாதி காலியாகி இங்கே நின்று நெம்பியது. கடப்பாரை வளைந்தது, தாடை வளையவில்லை. கடைசியில் யேசுரத்தினம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு தெளிவோடு சொன்னார்: “நாலு விலாவ வெட்டு. ஆள வெளிய எடு. ஒரு வேலையில ரெண்டு காரியம்.”

“வேண்டாம்!” மீனுக்குள்ளிருந்து குரல் வந்தது. “விலாவ வெட்டினா முதுகு விட்டுப்போவும். முதுகு விட்டா அப்புறம் அது மீனில்ல, இரும்புக்கடை.”

“உனக்கு மீன் பெருசா, உசிரு பெருசா?”

“உசிரு உள்ளதான் இருக்கு, பத்திரமா.”

கூட்டம் சிரித்தது. யேசுரத்தினம் சிரிக்கவில்லை. ஞானதாசனுக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. தங்கையன் மேல் அவருக்கு உள்ளூரப் பிரியம். “மூப்பரே, இதக் கொஞ்சம் நிதானமாப் பாக்கணும். உள்ள ஒரு ஆளு அகப்பட்டிருக்கான். ஆள அகப்பட வைக்கிறது பொறி. எலி அகப்பட்டா எலிப்பொறி, இவன் அகப்பட்டா இவனுக்க பொறி. பொறி செய்யாதன்னு கட்டளை ஒண்ணும் கிடையாது. அதனால இது விக்கிரகமில்ல.”

“சரி,” என்றார் யேசுரத்தினம், கண்ணைச் சுருக்கி. “ஆளு வெளிய வந்தா?”

ஞானதாசன் யோசித்தார். நேர்மையான மனிதர், அதனால்தான் கெட்டார். “வந்தா… உள்ள ஒண்ணும் இல்லாத பொறி சொரூபந்தான்.”

“அப்பம் இவன் வெளிய வந்த நிமிஷம் உடைக்கலாம்.”

“உடைக்கலாம்.”

“நாளைக்கு ஆராதன முடிஞ்சு வாறோம். சம்மட்டியோட.”

தங்கையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே இருந்தால் மீன் பொறி, பிழைக்கும். வெளியே வந்தால் மீன் விக்கிரகம், சாகும். அவன் பஸ் ஸ்பிரிங்கில் ஒரு பொறி செய்திருந்தான். இவர்கள் வெறும் வாயால் இன்னொன்று செய்து அதன் மேல் கவிழ்த்துவிட்டார்கள். இரண்டாவதற்கு ரிவெட்டுகூட இல்லை.

“அப்பம் நான் வரல்ல,” என்றான் தங்கையன்.

ராகேல் சந்தையிலிருந்து வந்தபோது வாசலில் கூட்டம். யாரோ செத்துப்போனார் என்று நினைத்து அழுதுகொண்டே ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் அழுகை நின்றது. கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்து மீனைப் பார்த்து நின்றாள்.

“கேட்டியளா? ஆரும் பாக்காத நாக்குக்கு நீங்க எதுக்கு உள்ள போனிய?”

“இல்லாட்டா கொறயா இருக்கும் ராகேல்.”

“வீட்டுல என்னெல்லாம் கொறயா இருக்கு, அதுக்குள்ள எல்லாம் போனியளா?”

அவள் மரச்சீனிக் கிழங்கை அவித்து, கையால் உருட்டி, விலா இடுக்கு வழியாக ஊட்டினாள். தொட்டுக்கொள்ள மீன்கறி. மீனுக்குள் உட்கார்ந்து மீன் தின்கிற முதல் மனிதன் இவன்தான் என்று வாசலில் ஒருவர் அறிவித்தார். மீன் வயிற்றுக்குள் போன தீர்க்கதரிசிக்குக்கூட இந்த உபசாரம் நடந்ததில்லை என்றார் இன்னொருவர். நாகர்கோவில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்து ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்து, “நல்ல உருப்படியாக்கும்,” என்று சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனான். பொழுது அடையும் வரை வந்து பார்க்காதவர்கள் கண் தெரியாதவர்களும் கைக்குழந்தைகளும்தான். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள்.

ஊரெல்லாம் அந்த மீனைப் பார்த்தது. பார்க்க முடியாத ஒரே ஆள் செய்தவன்தான். உள்ளேயிருந்து பார்த்தால் அது மீனே இல்லை. ரிவெட்டு வால்கள், சம்மட்டித் தழும்பு, தார்ச் சொட்டு, ஓட்டை ஓட்டையாக வெளிச்சம். ஒரு வருஷம் வெளியே நின்று செதுக்கிச் செதுக்கிக் கொண்டுவந்த கோபம், வளைவு, பாய்ச்சல் ஒன்றும் உள்ளே கிடையாது. வெறும் இடுக்கு. கால் மரத்து, மரத்த கால் தன்னுடையதா மீனுடையதா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் ‘வெட்டுங்க’ என்று ஒரு சொல், அவ்வளவுதான், அந்தச் சொல் தொண்டைவரை வந்து நின்றது. கை தற்செயலாக நாக்கில் பட்டது. குளிர்ந்திருந்தது. சொல்லை விழுங்கினான்.

ஞாயிறு காலை கோயிலில் பாட்டுச் சத்தம் கேட்டது. அவனும் உள்ளேயிருந்து பாடினான். மீன் பாடுவதாக ரோட்டில் ஒரு மாடு மிரண்டு வண்டியைக் கவிழ்த்தது. பிரசங்கம் தொடங்கியது. ஞானதாசன் அன்றைக்கு வேண்டுமென்றே நீட்டுகிறார் என்று தங்கையனுக்குப் புரிந்தது. அந்த நல்ல மனிதர் பிரசங்கத்தால் சம்மட்டியைத் தடுத்துப் பார்த்தார். ஆனாலும் ஆமென் என்று ஒன்று வந்துதானே தீரும்? வந்தது. சபை முழுதும் எழுந்து பட்டறைக்கு வந்தது.

யேசுரத்தினம் முன்னால் நின்றார். “தங்கையா, முடிவு சொல்லு. வெளிய வாறியா, காலாகாலத்துக்கும் உள்ள கிடக்கியா?”

தங்கையன் வாயைத் திறப்பதற்குள் ராகேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஒரு கோழியோடு.

“உபதேசியாரே, எனக்கு ஒரு சம்சயம். உள்ள மனுசன் இருந்தா இது பொறி. ஒண்ணும் இல்லேன்னா சொரூபம். அப்பிடித்தானே?”

“அப்பிடித்தான்.”

“உள்ள கோழி இருந்தா?”

ஞானதாசன் முகம் மலர்ந்த மலர்ச்சியில் தோவாளைப் பூச்சந்தையே தோற்றது. “கோழி இருந்தா… கோழிக்கூடு!”

“கோழிக்கூடு அடிக்காதன்னு கட்டளை உண்டா?”

“இல்ல. எங்கயும் இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன்,” என்றார் அவர், தேடாமலே.

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. எல்லோரும் யேசுரத்தினத்தைப் பார்த்தார்கள். மீனுக்குள் தங்கையன் செவுள் ஓட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவன் ஒன்றைக் கண்டான்: மாட்டிக்கொண்டவர் தான் மட்டும் இல்லை. ‘கூடாது’ என்று யேசுரத்தினம் சொல்லலாம். சொன்னால், ஏன் கூடாது என்று கேட்பார்கள். கோழிக்கூட்டில் மூப்பருக்கு என்ன வருத்தம் என்று கேட்பார்கள். ‘அதற்கு என் தாடை’ என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். சொல்லவும் முடியாது, சொல்லாமலும் முடியாது. கீழ்த்தாடை முன்னால் தள்ளியது. மேலுதடு உள்ளே போனது. கூட்டம் ஒரு தடவை அவரைப் பார்த்தது, ஒரு தடவை மீனைப் பார்த்தது, பிறகு மரியாதையாகத் தரையைப் பார்த்தது.

“கோழிக்கூடுன்னா எனக்கென்ன?” என்றார் யேசுரத்தினம் பல்லிடுக்கில். “ஆனா விலாவ வெட்டாம இவன எங்ஙன எடுப்பிய?”

“சூடு வச்சு,” என்றான் தங்கையன் உள்ளேயிருந்து.

அது அவனுக்கு முன்னமே தெரிந்த வழிதான். ஸ்பிரிங்கின் மூர்க்கமெல்லாம் அது காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த தோய்ச்சலில் இருக்கிறது. மறுபடி பழுக்கக் காய்ச்சி, தோய்க்காமல் ஆறவிட்டால் தோய்ச்சல் போய்விடும். ஸ்பிரிங் வெறும் பட்டையாகி, தாடை தானாகத் தொங்கும். சிக்கல் இரண்டு. காய்ச்சும்போது அவன் உள்ளே இருப்பான். செதிலெல்லாம் தார் பீப்பாய்.

தாடை மூட்டைச் சுற்றி மண்ணால் வரம்பு கட்டினார்கள். சிரட்டைக்கரி கொட்டினார்கள். அவனுக்கு நனைந்த சாக்குகளைத் திணித்துக் கொடுத்தார்கள். அவன் வால் பக்கமாக எவ்வளவு ஒடுங்க முடியுமோ அவ்வளவு ஒடுங்கினான். ராகேல் துருத்தியைப் பிடித்தாள். இத்தனை வருஷம் அவன் உலைக்கு ஊதிய கை. அன்றைக்கு அது துருத்தியை மெல்லத்தான் அமுக்கியது.

“நல்லா ஊது ஏட்டி,” என்றான் தங்கையன். “பதுக்க ஊதினா நான் வெந்துருவேன். வேகமா ஊதினா அது வேகும்.”

ஊதினாள். பொறி பறந்தது. அந்தப் பொறி, இந்தப் பொறி, எல்லாம் ஒன்றாகிப் பட்டறை சிவந்தது. ஸ்பிரிங் கறுப்பிலிருந்து இரத்தச் சிவப்புக்கு வந்தது. செதில்களில் மிச்சமிருந்த தார் உருகி மழை மாதிரி உள்ளே சொட்டியது. மீனின் செவுள், கண், மூக்கு எல்லாவற்றிலும் புகை. உள்ளேயிருந்து இருமல் கேட்டது, பிறகு இருமலும் கேட்கவில்லை.

“கேட்டியளா?” ராகேல் கத்தினாள். “பேசுங்க! சண்டயாவது போடுங்க!”

சம்மட்டியோடு நின்றிருந்த யேசுரத்தினம் விலாவை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டார். இந்தத் தடவை மீனை உடைக்க அல்ல, ஆளை எடுக்க. அது அவர் முகத்தில் தெரிந்தது. சம்மட்டி தலைக்கு மேல் ஏறியது.

“அடிக்காதேயும் வேய்!” என்று உள்ளேயிருந்து ஒரு கிழிந்த குரல் வந்தது.

அதே கணம் தாடை பெருமூச்சு விட்டது. கிர்ரென்று ஒரு சத்தம், பிறகு தொப்பென்று கீழே தொங்கியது. புகையோடு புகையாகத் தார் பூசிய ஒரு உருவம் தவழ்ந்து வெளியே விழுந்தது. கண் மட்டும்தான் வெள்ளை. ராகேல் இரண்டு குடம் தண்ணீரை அதன் தலையில் கவிழ்த்தாள். அணைத்துக்கொள்ள வந்தவள் தாரைப் பார்த்துவிட்டு, முதுகில் ஓர் அடி மட்டும் கொடுத்தாள்.

இரும்பு ஆறியதும் அவள் தன் கோழிகளை ஒவ்வொன்றாக வாய் வழியே உள்ளே விட்டாள். ஞானதாசன் ஜெபம் பண்ணி, இது கோழிக்கூடு என்று சபை அறிய அறிவித்தார். அப்போதுதான் எல்லோரும் மீனை நேராகப் பார்த்தார்கள்.

கடித்துப் பிடித்த வாய் போய்விட்டது. இப்போது வாய் அகலத் திறந்து, கீழ்த்தாடை மார்புவரை தொங்கி, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று வைத்த அந்த நாக்கு நீளமாக வெளியே வந்து, இன்னும் சொல்லித் தீராத ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிற மாதிரி நின்றது. தங்கையன் தாரைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். இதை அவன் செய்யவில்லை. ஆனால் ஒரு வருஷமாக இரும்பு கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானோ என்று அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

யேசுரத்தினம் உற்றுப் பார்த்தார். மீனைப் பார்த்தார். பிறகு ஞானதாசனைப் பார்த்தார். பிறகு, தக்கலையில் யாரும் அதுவரை கண்டிராதபடி, வாயைத் திறந்து சிரித்தார். ஞானதாசனுக்கு ஏன் என்று புரியவில்லை. அடுத்த ஞாயிறு புரிந்தது. பிரசங்க பீடத்தில் ஏறி அவர் வாயை அகலத் திறந்ததும் சபை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கியது. திறந்த வாயை அவர் பாதியில் மூடினார். அந்தக் கோயிலின் சரித்திரத்திலேயே மிகச் சிறிய பிரசங்கம் அன்றைக்கு நடந்தது. ஜனங்கள் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் போட்டுவிட்டு வந்த கிழங்கு இன்னும் வெந்திருக்கவில்லை.

மீன் அந்தப் பட்டறையிலேயே நின்றது. வெருகு ஒரு தடவை வந்து, அந்த வாயைப் பார்த்துவிட்டு, தக்கலையையே விட்டுப் போனது. கோழி இருக்கும்வரைதான் கூடு என்பதால் தங்கையன் ராகேலைக் கோழி விற்க விடுவதில்லை, கறிவைக்க விடுவதில்லை, ஒரு கோழி சோர்ந்து நின்றால்கூட அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து சுகம் விசாரிப்பான்.

ஒரு நாள் காலை ராகேல் முட்டை எடுக்க வாய் வழியே உள்ளே தவழ்ந்தாள். போகும் முன் தென்னந்தடியை மறக்காமல் முட்டுக்கொடுத்தாள்.

“அது இனி கடிக்காது ஏட்டி,” என்றான் தங்கையன்.

“உங்க மீன நான் நம்பமாட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே மறைந்தாள். பிறகு உள்ளேயிருந்து கேட்டாள்: “கேட்டியளா? இந்த நாக்குக்கு அடியில என்னவோ நரம்பு நரம்பா, பொடிசாக் கொத்தி வச்சிருக்கியளே. மேல இருக்கதயே ஆரும் பாக்கப்போறதில்லன்னு இருந்துச்சு. இந்த அடியில உள்ளத ஆரு பாப்பான்னு கொத்துனிய?”

தங்கையன் வெட்கத்தோடு தாடியைச் சொறிந்தான். “இப்பம் நீ பாத்தியே.”

“நான் எங்க பாத்தேன்?” என்றாள் ராகேல் மீனுக்குள்ளிருந்து. “எனக்கு முன்ன கோழி பாத்தாச்சு. அது மேல எச்சம் கிடக்கு.”